மீன் சக்கையாக இருந்தால் ஒமேகா-3 குறைந்துவிடுமா?

கேள்வி: ஒமேகா-3 வேண்டும் என்பதற்காகவே வாரம் இரண்டு முறை மத்தி சாப்பிடுகிறேன். சில மாதங்களில் மீன் நல்ல எண்ணெய்ப் பதமாக இருக்கிறது, சில மாதங்களில் வெறும் சக்கை. அப்போது சத்தும் குறைவா? பார்த்து வாங்க வழி உண்டா?

பதில்: குறைவுதான். ஆனால் மீனை நிறுத்த வேண்டிய அளவுக்கு அல்ல.

மத்தி, கானாங்கெளுத்தி, ஹெர்ரிங் எல்லாம் கொழுப்பைச் சதையிலேயே சேமிப்பவை. கடலில் மிதவை உயிரிகள் பெருகும் காலத்தில் தின்று கொழுக்கும். சினை பிடிக்கத் தொடங்கியதும் அந்தச் சேமிப்பு சினைக்குப் போய்விடும். காலியான இடத்தில் நீர் ஏறும். முட்டையிட்டு முடித்த மீன் சக்கையாக இருப்பது இதனால்தான். அட்லாண்டிக் கானாங்கெளுத்தியில் ஒரே ஆண்டுக்குள் கொழுப்பு 10 சதவீதத்துக்குக் கீழேயும் இறங்கும், 25 சதவீதத்தையும் தாண்டும்.

இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சேமிப்புக் கொழுப்பு கரைந்தாலும், செல் சவ்வுகளில் இருக்கும் டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலத்தை மீன் எளிதில் விட்டுக்கொடுக்காது. அதனால் மெலிந்த மீனின் கொழுப்பில் டிஹெச்ஏவின் விகிதம் கூடித் தெரியும். ஆய்வு அட்டவணையில் அந்தச் சதவீதத்தை மட்டும் பார்த்து, மெலிந்த மீன்தான் சத்தானது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 100 கிராம் சதையில் எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும். உதாரணமாக, 2 கிராம் கொழுப்பில் 30 சதவீதம் ஒமேகா-3 என்றால் 0.6 கிராம். 12 கிராம் கொழுப்பில் 20 சதவீதம் என்றாலே 2.4 கிராம் வந்துவிடுகிறது. ஈபிஏ என்ற இன்னொரு ஒமேகா-3 அமிலமோ இரையைப் பொறுத்து ஏறி இறங்கும். டயட்டம் வகைப் பாசிகள் பெருகும் பருவத்தில் கூடும்.

சரி, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, ஈபிஏவும் டிஹெச்ஏவும் சேர்த்து நாளுக்கு 250 மில்லிகிராம். மேலே சொன்ன 0.6 கிராமே இரண்டு நாளைக்குத் தாங்கும். ஆக, சக்கை மாதங்களில் வாரத்துக்கு ஒரு முறை கூடுதலாகச் சாப்பிட்டால் போதும்.

எல்லாக் கடலுக்கும் பொருந்தும் மாதக் கணக்கு கிடையாது, முட்டையிடும் காலம் இனத்துக்கு இனம் மாறும். மீனைத்தான் பார்க்க வேண்டும். முதுகு தடித்து, குடலைச் சுற்றி வெள்ளையாகக் கொழுப்பு படிந்திருந்தால் நல்ல பருவம். வயிறு முழுக்கச் சினை என்றால் சதையில் எண்ணெய் குறைந்திருக்கும். சினையை எறியாதீர்கள், டிஹெச்ஏ அங்கேதான் போயிருக்கிறது. காட் போன்ற மீன்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். அவை கொழுப்பை ஈரலில் வைப்பவை, சதை ஆண்டு முழுவதும் மெலிவுதான்.

அப்புறம் ஒன்று: கொழுத்த மீன்தான் சீக்கிரம் காறல் வாடை அடிக்கும். உறைய வைத்தாலும் காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றி, இரண்டு மூன்று மாதத்துக்குள் சமைத்துவிடுங்கள்.