பனங்கிழங்குக்கு டேங்குக்கு எத்தனை கிராம் உரம்?

கேள்வி: சாயல்குடி பக்கம், கடலோர மணல் காடு. ஆவணிக் கடைசியில் 4,000 பனங்கொட்டை போட்டேன். மார்கழி பாதி தாண்டிவிட்டது, நாலைந்தைத் தோண்டிப் பார்த்தால் கிழங்கு விரல் தண்டிதான் இருக்கிறது, பாதி கோணல். கடைக்காரர் 19:19:19 உரத்தைத் தெளித்து ஹியூமிக் அமிலம் ஊற்றினால் பெருக்கும் என்கிறார். டேங்குக்கு எவ்வளவு போடலாம் ஐயா? பொங்கலுக்கு விற்றாக வேண்டும்.

பதில்: ஒரு கிராம்கூட வேண்டாம் தம்பி. மணலுக்கு மேல் ஓலையே வராத பயிருக்கு இலைவழி உரம் தெளிக்கச் சொல்வது உங்கள் காசைக் கரியாக்கும் வேலை, யார் சொன்னாலும் எனக்குக் கோபம்தான் வரும்.

சீனிக்கிழங்கும் மரவள்ளியும் வேரில் சேர்த்து வைக்கும், சேனையும் மஞ்சளும் தண்டில். அதெல்லாம் இலை சமைத்து இறக்குவதை வாங்கிப் பெருப்பவை, அதனால் சாம்பல் சத்து கொடுத்தால் பலன் தெரியும். பனங்கிழங்குக்கு நுங்காக இருந்து முற்றி இறுகின வெள்ளைப் பருப்புதான் கைமுதல். முளை விட்டதும் கொட்டைக்குள் தவுண் பஞ்சுபோல வளர்ந்து அந்தப் பருப்பைக் கரைத்துக் கரைத்துக் கீழே அனுப்ப, நடுக் குருத்தான பீலியைச் சுற்றி மாவாக இறங்குகிறது.

தோண்டின கிழங்கின் கொட்டையை இன்றே அரிவாளால் பிளந்து பாருங்கள். ஓட்டின் உள்பக்கம் பருப்பு இன்னும் கனமாக இருந்தால் சரக்கு மிச்சம் இருக்கிறது, பொறுத்தால் தடிக்கும். பருப்பு கரைந்து தவுணும் சுருங்கிப் போயிருந்தால் அது இனிப் பெருக்காது. ஒரே மூலையில் பார்த்து முடிவு கட்டாமல் பாத்தியில் நாலு இடத்தில் பாருங்கள்.

கோணல் என்று எழுதினீர்களே, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். முளை கொட்டையை விட்டு நேராகக் கீழே இறங்கும், அடியில் இறுகின தரை முட்டினால் வளையும், இறங்க இடமில்லாமல் குட்டையாகும். உழுத தரையில் அப்படியே புதைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பொலபொலவென்ற மணலை முழங்கால் உயரத்துக்குக் குவித்து, அதன் தலையில் கொட்டையை நெருக்கி அடுக்கி, மேலே மணல் போட்டு மூட வேண்டும். நம் கரையில் மணலுக்கா பஞ்சம்? ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டினாலும் தண்ணீர் நின்று கொட்டை அழுகாமல் வடிவதற்கும் அந்த உயரம்தான் காப்பு. இரண்டு ஆள் கூலிக்குக் கணக்குப் பார்த்து மணல் குவிக்காமல் விட்டுவிட்டு, மார்கழியில் மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அடுத்த தடவை ஆடி, ஆவணியில் விழுகிற பழத்திலேயே பெரிய கொட்டையாகப் பொறுக்கி, காயுமுன் போடுங்கள். மாதக்கணக்கில் வெயிலில் கிடந்ததை மலிவு என்று வாங்காதீர்கள், முளைப்பு கெட்டிருக்கும்.

சரி, இந்தப் பொங்கலுக்குத் தடித்ததை மட்டும் எடுத்து விற்கக் கட்டுக் கட்டுங்கள். பருப்பு மிச்சமுள்ள பகுதியை இன்னும் கொஞ்சம் விட்டுவைக்கலாம், ஆனால் பீலி ஓலையாக வெளியே வர விடாதீர்கள், அப்புறம் கடித்தால் நார்தான். கோணலும் ஒல்லியும் அந்தக் கட்டோடு சேராது, அதை அவித்துக் காயவைத்து மாவாக இடித்துவிடுங்கள்.