விமானம் கடலில் இறங்கினால் லைஃப் ஜாக்கெட்டால் என்ன பயன்?

விமானம் கடலில் இறங்கினால் எப்படியும் யாரும் பிழைக்கப்போவதில்லை, பிறகு எதற்கு ஒவ்வொரு முறையும் அந்த மஞ்சள் லைஃப் ஜாக்கெட்டைத் தூக்கிக் காட்டி நேரத்தை வீணடிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தமானுக்கோ சிங்கப்பூருக்கோ டிக்கெட் எடுத்துவிட்டுப் பயத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பயத்தில் எழுந்த கேள்வி என்றால் அதில் தவறே இல்லை. ஆனால் அந்த ஜாக்கெட்டைப் பல ஆண்டுகள் தூக்கிக் காட்டியவள் நான். "வீணடிக்கிறார்கள்" என்ற சொல் சுருக்கென்று தைத்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிழைக்க முடியும். பிழைத்திருக்கிறார்கள். 1956 அக்டோபரில் ஹொனலுலுவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்க்கொண்டிருந்த பான் அமெரிக்கன் விமானம் ஒன்றில், நான்கு இயந்திரங்களில் இரண்டு நடுப் பசிபிக்கில் கைவிட்டன. விமானி ரிச்சர்ட் ஆக் இருட்டில் இறங்கவில்லை. கீழே நின்றிருந்த அமெரிக்கக் கடலோரக் காவல்படைக் கப்பலுக்கு மேலேயே விடியும்வரை வட்டமடித்தார். இறங்கும்போது வால் முறியக்கூடும் என்று யோசித்து, பின்வரிசையில் இருந்தவர்களை முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தார். வால் முறியத்தான் செய்தது. 31 பேரும் உயிரோடு வந்தார்கள். 1963இல் லெனின்கிராடு நகரில் நேவா ஆற்றில் இறங்கிய சோவியத் விமானத்தில் 52 பேரும் பிழைத்தார்கள். 2002 ஜனவரியில் ஜாவா தீவில், கடும் மழையிலும் ஆலங்கட்டியிலும் இரண்டு இயந்திரங்களும் அணைந்துபோன கருடா நிறுவன விமானம் பெங்காவான் சோலோ ஆற்றில் இறங்கியது. பயணிகள் 54 பேரும் பிழைத்தார்கள். இறந்தவர் ஒரே ஒருவர், விமானப் பணிப்பெண்.

பொறுக்கி எடுத்த உதாரணங்கள் என்று சொல்லச் சிலர் வருவார்கள். சரி, மற்றவற்றையும் சொல்கிறேன். 2005இல் சிசிலித் தீவுக்கு அருகே எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கிய துனிசிய விமானத்தில் இருந்த 39 பேரில் 16 பேர் இறந்தார்கள். வேறு ரக விமானத்துக்கான எரிபொருள் மானியை அதில் பொருத்தியிருந்தார்கள். தொட்டி காலியாகிக்கொண்டிருக்க, மானி எரிபொருள் இருப்பதாகக் காட்டியது. 1970இல் கரீபியன் கடலில் இறங்கிய டிசி-9 விமானத்தில் 63 பேரில் 23 பேர் போனார்கள். அதில் அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. தண்ணீரில் மோதிய நொடியில் சிலர் இன்னும் பெல்ட் போடாமல் இருந்தார்கள். கடலில் இறங்குவது எளிது என்று நான் சொல்லவில்லை. அலை பெரிதாக இருந்தால், ஒரு பக்கத்து இறக்கை முந்திக்கொண்டு தண்ணீரைத் தொட்டால், விமானம் உடைந்துவிடும். ஆனாலும் இந்த இரண்டு விபத்துகளிலும் பிழைத்தவர்களே அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

ஹட்சன் ஆற்றுச் சம்பவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2009 ஜனவரி 15, நியூயார்க், பறவைக் கூட்டம் மோதி இரண்டு இயந்திரங்களும் செயலிழந்த விமானம் ஆற்றில் இறங்கியது, உள்ளே 155 பேர், ஒருவர்கூடச் சாகவில்லை. விமானி சல்லன்பெர்கரின் பெயர் உலகத்துக்கே தெரியும், தெரியவேண்டியதுதான். அவரோடு கேபினில் இருந்த மூன்று பெண்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஷீலா டெயில், டோனா டென்ட், டொரீன் வெல்ஷ். மோதலுக்குத் தயாராகுங்கள் என்ற ஒற்றை வரி அறிவிப்புத்தான் அவர்களுக்குக் கிடைத்தது. தண்ணீரில் இறங்கப்போகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. தலையைக் குனியுங்கள், குனிந்தே இருங்கள் என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். விமானத்தின் அடிப்பகுதி பின்புறத்தில் கிழிந்து, ஆற்றுத் தண்ணீர் ஐஸ் போல உள்ளே ஏறியது. பின்னால் இருந்த டொரீன் வெல்ஷின் காலில் ஆழமான வெட்டு. பின்கதவுகள் இனி உதவாது என்று கண்டதும், அங்கே திரண்டவர்களை அவர் முன்பக்கம் திருப்பி அனுப்பினார். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் 155 என்ற எண் நின்றிருக்குமா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

உடனே வரும் கேள்வி: அங்கே பெரும்பாலோர் ஜாக்கெட்டை ஒழுங்காகப் போடவே இல்லையே, பிறகென்ன? உண்மைதான். இறக்கையில் நின்றவர்களைச் சில நிமிடங்களிலேயே படகுகள் வந்து ஏற்றிக்கொண்டன. அது நகரின் நடுவே ஓடும் ஆறு, சுற்றிலும் பயணிகள் படகுத்துறைகள். வங்காள விரிகுடாவின் நடுவில் உங்களுக்காக எந்தப் படகும் காத்திருக்காது.

இப்போது, பணிப்பெண்கள் மறக்காமல் சொல்லும் ஒரு வரிக்கு வருகிறேன். "விமானத்தை விட்டு வெளியேறும்போது மட்டுமே ஜாக்கெட்டில் காற்றை நிரப்புங்கள்." 1996 நவம்பர் 23 அன்று, பம்பாயில் கிளம்பி அடிஸ் அபாபா வழியாக நைரோபிக்குப் போய்க்கொண்டிருந்த எத்தியோப்பிய விமானத்தை மூன்று பேர் கடத்தினார்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போ என்றார்கள். அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் இல்லை என்று விமானி லெயுல் அபாத்தே சொன்னதை அவர்கள் நம்பவில்லை. எரிபொருள் தீர்ந்து, கொமொரோஸ் தீவின் கடற்கரையை ஒட்டி விமானம் தண்ணீரில் இறங்கியது, இடது இறக்கை முதலில் இழுபட்டு உடைந்தது. 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். மோதலைத் தாண்டியும் உயிரோடு இருந்தவர்கள் அதில் உண்டு. பலர் முன்கூட்டியே ஜாக்கெட்டை ஊதி வைத்திருந்தார்கள். தண்ணீர் உள்ளே ஏற ஏற, ஜாக்கெட் அவர்களைக் கூரையோடு தூக்கிச் செருகிவிட்டது. கீழே மூழ்கிக் கதவுப் பக்கம் போக அவர்களால் முடியவில்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது பிறகுதான். முதலில் என் உடம்பு தெரிந்துகொண்டது. பயிற்சிக் காலத்தில் ஒரு நீச்சல் குளத்தில் எங்களை இறக்கினார்கள். குளத்துக்குக் குறுக்கே, தண்ணீர் மட்டத்துக்கு ஓர் அடி கீழே ஒரு கயிறு கட்டியிருந்தது. அதற்கு அடியில் புகுந்து மறுபக்கம் வரவேண்டும், அவ்வளவுதான். நான் திருச்சியில் காவிரியில் குதித்து வளர்ந்தவள், மூச்சை அடக்கி ஒரே முங்கில் போய் வந்தேன். "இப்போது ஜாக்கெட்டை ஊதிவிட்டு வா" என்றார் பயிற்சியாளர். சிவப்புக் கொக்கியைக் கீழ்நோக்கி இழுத்தேன். டப்பென்று கழுத்தைச் சுற்றி உப்பியது, தாடை மேலே தள்ளப்பட்டது, வானம்தான் தெரிந்தது. குனிய முயன்றேன், தலை இறங்கவில்லை. கயிற்றைக் கையால் பிடித்து என்னையே கீழே இழுத்துப் பார்த்தேன். இடுப்பு மேலே வந்தது, கால்கள் அடித்தன, தோள் கயிற்றில் உரசி எரிந்தது. பலம் இருக்கிறது, நீச்சல் தெரியும், பட்டப்பகல், கலங்காத தண்ணீர், அவசரம் எதுவும் இல்லை. அப்படியும் முடியவில்லை. அன்று அந்தக் குழுவில் ஒருவராலும் முடியவில்லை. பயிற்சியாளர் பெரிதாக எதையும் விளக்கவில்லை. "அந்தக் கயிறுதான் கதவின் மேல்விளிம்பு" என்று மட்டும் சொன்னார்.

அதனால்தான் சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போகும் விமானத்தில் ஒருமுறை நான் குரலை உயர்த்தினேன். வடகிழக்குப் பருவமழைக் காலம். விமானம் குலுங்கிக்கொண்டே இருந்தது. பெரியவர் ஒருவர் இருக்கைக்கு அடியிலிருந்து ஜாக்கெட்டை உருவிப் போட்டுக்கொண்டு, கொக்கியையும் இழுத்துவிட்டார். பெல்ட் போட்டபடியே நெஞ்சு நிறைய மஞ்சள் பையோடு நடுங்கிக்கொண்டிருந்தார். "ஐயா, ஒன்றும் ஆகவில்லை, கையை எடுங்கள்" என்று பக்கத்தில் மண்டியிட்டேன். வாயால் ஊதுவதற்கென்று ஒரு குழாய் இருக்கும், அதன் வாயிலுள்ள வால்வை விரலால் அழுத்திப் பிடித்தால் காற்று இறங்கும். நான் அழுத்திக்கொண்டிருந்தேன், அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் நான் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. பக்கத்து இருக்கைகளில் இன்னும் சிலர் அதே கொக்கியில் கைவைத்திருப்பதைப் பார்த்துத்தான் சத்தம் போட்டேன். யாரும் இழுக்கக்கூடாது என்று வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். பெரியவரின் மகனுக்கு அது பிடிக்கவில்லை. "ஒரு ஜாக்கெட்டுக்கு இவ்வளவு கத்தலா? நீங்கள் காபி கொண்டுவரும் வேலையைப் பாருங்கள்" என்றார்.

இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. பெண் பார்க்க வந்த வீட்டிலும் இதையே வேறு விதமாகச் சொன்னார்கள். கேள்விக்கு வெளியே போகிறேன் என்று தெரிகிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஹட்சனில் இருந்த அந்த மூன்று பெண்களும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். நம் நாட்டில் என்ன நடந்தது? ஏர் இந்தியாவில் 35 வயதானாலோ முதல் முறை கருவுற்றாலோ பணிப்பெண்ணின் வேலை போய்விடும் என்று விதி இருந்தது. நர்கேஷ் மீர்சா என்ற பணிப்பெண்ணின் வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கர்ப்ப விதியைத்தான் செல்லாது என்று தூக்கி எறிந்தது. நான் வேலை பார்த்தது அங்கே இல்லை, வேறொரு நிறுவனத்தில். குழந்தை பிறந்து நான் திரும்பி வந்தபோது எடை இயந்திரத்தில் ஏற்றினார்கள். உங்களுக்குத் தரைப்பணி பொருத்தமாக இருக்கும் என்றார்கள். கதவைத் திறக்க எனக்கு எத்தனை நொடி ஆகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இருட்டில் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், மிதவையை எப்படிப் பிரித்துவிடுவது என்று கைக்குப் பழகிய ஒருத்தியை, புடவை மடிப்பு சரியாக விழவில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். இளம் பெண்களைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நானும் அப்படி வந்தவள்தான். அழகுக்காக எடுத்தோம் என்று நிறுவனமே நடந்துகொண்டால் பயணி மட்டும் எங்களை எப்படிப் பார்ப்பார்?

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். உட்கார்ந்ததும் இருக்கைக்கு அடியில் கைவிட்டு ஜாக்கெட் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். நினைவுப் பொருளாக வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்கள் உண்டு, இல்லையென்றால் உடனே சொல்லுங்கள். உள்நாட்டில் தரைக்கு மேலேயே பறக்கும் சில விமானங்களில் ஜாக்கெட் இருக்காது, இருக்கை மெத்தையே மிதக்கும்படி செய்திருப்பார்கள், அட்டையில் எழுதியிருக்கும். உங்கள் இருக்கைக்கும் அவசர வழிக்கும் இடையே எத்தனை வரிசை என்று முன்னும் பின்னும் எண்ணிக்கொள்ளுங்கள். புகையிலும் இருட்டிலும் கையால் தடவித்தான் போகவேண்டியிருக்கும். ஜாக்கெட்டைத் தலைவழியாகப் போட்டு, பட்டையை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து இறுக்குங்கள். அதோடு நிறுத்துங்கள். கொக்கியை இழுப்பது கதவருகே, வெளியேறும் நொடியில். இழுத்தும் உப்பவில்லையென்றால் குழாயில் வாய்வைத்து ஊதலாம். மேலே இருக்கும் பையைத் தொடாதீர்கள், உங்களுக்குப் பின்னால் இருப்பவர் காத்துக்கொண்டிருப்பார். கைக்குழந்தை இருந்தால் அதற்குத் தனிச் சிறிய ஜாக்கெட் உண்டு. விமானம் கிளம்பும் முன்பே பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, எப்படிப் போடுவது என்று காட்டச் சொல்லுங்கள்.