இரு கூட்டங்களுக்கு இடையே முடிவெடுப்பவர் யார்?

கேள்வி: சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் பொதுக்கூட்டம் வழக்கமாக ஆண்டுக்கு ஒரு முறைதான் கூடுகிறது. இடையில் அவசரம் நேர்ந்தால் யார் முடிவெடுப்பார்கள்? தலைவர் தாமாகவே எதையும் அறிவித்துவிட முடியுமா?
- வாசகி, திருச்சி

பதில்: பொதுக்கூட்டமே உச்ச அமைப்பு என்றும், அதன் முடிவே இறுதியானது என்றும் கமிட்டியின் அடிப்படை விதிநூலான ஒலிம்பிக் சாசனம் சொல்கிறது. ஆனால் உலகெங்கும் பரவியிருக்கும் நூறு பேரளவிலான உறுப்பினர்களை நினைத்த நேரத்தில் ஓரிடத்தில் கூட்டிவிட முடியாது. அதனால் அன்றாட நிர்வாகப் பொறுப்பு முழுவதும், தலைவர், நான்கு துணைத் தலைவர்கள், மேலும் பத்து உறுப்பினர்கள் என 15 பேர் கொண்ட செயற்குழுவிடம் இருக்கிறது. இவர்களை ரகசிய வாக்கெடுப்பின் மூலம் தேர்ந்தெடுப்பது பொதுக்கூட்டம்தான்; தன் அதிகாரங்களில் சிலவற்றைச் செயற்குழுவிடம் ஒப்படைக்கவும் அதற்கு உரிமை உண்டு. தலைவர் அழைத்தாலோ, செயற்குழுவினரில் பெரும்பான்மையோர் கேட்டுக்கொண்டாலோ குழு கூடும். கூட்டம் செல்லுபடியாக எட்டுப் பேர் இருந்தால் போதும்.

செயற்குழுவின் வரம்பைத் தாண்டிய விஷயத்துக்கும் வழிகள் உண்டு. தலைவரே சிறப்புப் பொதுக்கூட்டத்தைக் கூட்டலாம். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுத்து மூலம் கோரினாலும் அது கூட்டப்பட வேண்டும். அதற்கும் நேரமில்லாத அவசரத்தில், தீர்மானத்தை மின்னஞ்சல் வழியாக எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பி வாக்குக் கேட்கலாம்.

தலைவரைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை சாசனத்தின் 20ஆம் விதியில் இருக்கிறது. பொதுக்கூட்டமோ செயற்குழுவோ முடிவெடுக்க இயலாதபடி சூழ்நிலை தடுக்கும்போது, கமிட்டியின் சார்பில் தலைவர் முடிவெடுக்கலாம். ஆனால் அந்த முடிவை உரிய அமைப்பின் முன் விரைந்து வைத்து ஒப்புதல் பெற வேண்டும். தன்னிச்சைக்கும் அவசர அதிகாரத்துக்கும் இடையே உள்ள கோடு இந்த இரண்டாவது பாதிதான் என்பதால், முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுத் தலைவருக்கு எல்லையற்ற அதிகாரம் இருப்பதாக எழுதுவது சரியல்ல.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்த ஏற்பாடு எப்படி இயங்கியது என்பதை உலகமே பார்த்தது. கொரோனா பரவலால் டோக்கியோ போட்டிகளை நடத்த முடியுமா என்ற கேள்வி எழுந்தபோது, மார்ச் 22 அன்று கூடிய செயற்குழு, நான்கு வாரங்களுக்குள் முடிவு சொல்வதாக அறிவித்தது. அதே நாளில் கனடா தன் அணியை அனுப்பப்போவதில்லை என்று தெரிவித்தது. மார்ச் 24 அன்று கமிட்டியின் அன்றைய தலைவர் தாமஸ் பாக்கும் ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபேயும் தொலைபேசியில் பேசி ஒத்திவைப்புக்கு இசைந்தார்கள். செயற்குழு அன்றே தொலைவழிக் கூட்டத்தில் அதற்கு ஒப்புதல் அளித்தது. 2021 ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 8 வரை என்ற புதிய தேதிகள் மார்ச் 30 அன்றே வெளியாயின. பொதுக்கூட்டமோ ஜூலை 17 அன்றுதான், முதன்முறையாக இணையவழியில், கூடியது.

கேள்வி: அங்கே பல ஆணையங்கள் இருக்கின்றனவே, அவை முடிவெடுப்பதில்லையா?
- வாசகர், ஈரோடு

பதில்: பொதுவாக இல்லை. அவை ஆராய்ந்து பரிந்துரைக்கும். முடிவு செயற்குழுவினுடையதோ பொதுக்கூட்டத்தினுடையதோதான்.

கேள்வி: 2014இல் சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கின் நடுவிலேயே இந்தியாவின் மீதான தடை நீங்கியது எப்படி?
- வாசகர், மதுரை

பதில்: இந்திய ஒலிம்பிக் சங்கத்தை 2012 டிசம்பர் 4 அன்று இடைநீக்கம் செய்தது செயற்குழு, அதை நீக்கியதும் செயற்குழுவே. சங்கத்தின் தேர்தல் சாசனத்துக்கு ஏற்ப நடக்க வேண்டும், குற்றப்பத்திரிகை தாக்கலானவர்கள் போட்டியிடக் கூடாது என்ற நிபந்தனைகளை இந்தியத் தரப்பு ஏற்றுக்கொண்டு, 2014 பிப்ரவரி 9 அன்று தேர்தல் நடத்தியது. தமிழகத்தைச் சேர்ந்த என். ராமச்சந்திரன் தலைவரானார். இரண்டே நாளில், பிப்ரவரி 11 அன்று, சோச்சியிலேயே தனியாகக் கூட்டப்பட்ட செயற்குழு தடையை விலக்கியது. போட்டிகள் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாட்டின் மீதான இடைநீக்கம் விலக்கப்பட்டது அதுவே முதல் முறை. அடுத்த பொதுக்கூட்டம் வரை காத்திருந்தால் நமது கொடி அங்கே பறந்திருக்காது. ஆனால் சறுக்குவண்டி வீரர் சிவ கேசவனின் போட்டி பிப்ரவரி 9 அன்றே முடிந்துவிட்டது. அவர் ஒலிம்பிக் கொடியின் கீழ்தான் போட்டியிட்டார். நிர்வாகிகளின் தாமதத்துக்கு விலை கொடுத்தவர் அவர் என்பதை இன்றும் வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வி: செயற்குழு எடுத்த முடிவைப் பொதுக்கூட்டம் மாற்றியதுண்டா, அல்லது பின்னர் பெறப்படும் ஒப்புதல் வெறும் சடங்குதானா?
- வாசகி, கோவை

பதில்: மல்யுத்தத்தின் கதை உங்களுக்கு விடை சொல்லும். 2013 பிப்ரவரி 12 அன்று லோசானில் கூடிய செயற்குழு, 2020 ஒலிம்பிக்கின் அடிப்படை விளையாட்டுகளிலிருந்து மல்யுத்தத்தை நீக்கப் பரிந்துரைத்தது. பண்டைய கிரேக்கத்திலிருந்தே ஒலிம்பிக்கோடு பிறந்து வளர்ந்த விளையாட்டு என்பதால் உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. பரிந்துரைக்கும் பொதுக்கூட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ ஏழு மாதங்கள் இருந்தன. அந்த அவகாசத்தில் மல்யுத்தக் கூட்டமைப்பு தலைவரை மாற்றியது, விதிகளைத் திருத்தியது, பெண்களுக்கான எடைப்பிரிவுகளைக் கூட்டியது. செப்டம்பர் 8 அன்று பியூனஸ் அயர்ஸில் கூடிய பொதுக்கூட்டத்தில், 2020 ஒலிம்பிக்கில் மீதமிருந்த ஓர் இடத்துக்காக நடந்த வாக்கெடுப்பில் மல்யுத்தம் 49 வாக்குகளும், பேஸ்பால்-சாஃப்ட்பால் 24 வாக்குகளும், ஸ்குவாஷ் 22 வாக்குகளும் பெற, மல்யுத்தம் மீண்டும் இடம்பெற்றது.

ஆகவே, ஒப்புதல் சடங்கா இல்லையா என்பதை விதியின் வாசகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. முடிவைத் திருப்பிக்கொள்ள நாள் மிச்சமிருக்கிறதா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. டோக்கியோ ஒத்திவைப்பை நான்கு மாதம் கழித்து எந்தக் கூட்டத்தாலும் திருப்பியிருக்க முடியாது. இத்தகைய முடிவுகளை எடுத்த பிறகு உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பதால் பயனில்லை. மின்னஞ்சல் வாக்கெடுப்புக்குச் சாசனமே இடம் கொடுத்திருப்பதால், திருப்ப முடியாத முடிவுகளுக்காவது அந்த வழியை முன்கூட்டியே பயன்படுத்தலாம் என்பது என் உறுதியான கருத்து.