எது என்று கேட்பவருக்குத் தெரியுமா?

கேள்வி: ஆங்கிலத்தில் 'தி' எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றுவரை பிடிபடவில்லை. தமிழில் இல்லாத இந்தத் தொல்லைக்கு ஒரே விதியாகச் சொல்ல முடியுமா?

பதில்: 'தமிழில் இல்லாத' என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதை மறுக்கிறேன். 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால், சொல்பவரும் கேட்பவரும் முன்பே அறிந்த புத்தகம். அஃறிணைச் செயப்படுபொருளில் நம்முடைய 'ஐ' உருபு, ஆங்கில 'தி'யின் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது. உயர்திணையில் 'ஐ' கட்டாயம் என்பதால், 'டாக்டரைப் பார்த்தேன்' என்னும்போது தெரிந்த டாக்டரா, யாரோ ஒருவரா என்பதை உருபு காட்டாது. எழுவாய்க்கும் இந்த உதவி இல்லை.

'முதல் முறை ஏ, மறுமுறை தி' என்று பள்ளிகளில் ஒப்பிக்க வைப்பதை நான் நெடுங்காலமாக எதிர்த்து வருகிறேன். மறுமுறை வரும்போது அது எது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது என்பதே காரணம்; அது முதலிலேயே தெரியுமானால் 'தி'யும் முதலிலேயே வரும். சூரியன் ஒன்றே என்பதால் 'தி சன்'. அறைக்குள் இருந்துகொண்டு கதவைச் சாத்தச் சொன்னால் 'ஷட் தி டோர்'. கார் வாங்கிய செய்தியைச் சொன்ன கையோடு, இன்ஜினைப் பற்றி அதுவரை பேசாதபோதும், 'தி இன்ஜின்' சரியில்லை என்று சொல்லலாம். நீங்கள் கேட்ட ஒரே விதி இதுதான்.

மாறாக, வாழ்க்கை, இயற்கை, சமூகம் ஆகியவற்றைப் பொதுப்படப் பேசும்போது 'லைஃப்', 'நேச்சர்', 'சொசைட்டி' என்று வெறுமனே நிற்க வேண்டும். நம்மவர் கட்டுரைகளில் நான் அதிகம் அடித்துத் திருத்துவது இங்கே புகுந்துவிடும் 'தி'யைத்தான். படிக்கப் போகும் மகள் 'டு ஸ்கூல்' போகிறாள்; அவளுடைய ஆசிரியரைப் பார்க்கப் போகும் தந்தை 'டு தி ஸ்கூல்' போகிறார். மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளியைப் பிரிட்டனில் 'இன் ஹாஸ்பிடல்' என்பார்கள், அமெரிக்காவில் 'இன் தி ஹாஸ்பிடல்' என்பார்கள்.

இடப்பெயர்களில் வழக்கமே ஆள்கிறது. தேம்ஸுக்கும் காவிரிக்கும் 'தி' உண்டு. எவரெஸ்டுக்கு இல்லை, ஆல்ப்ஸ் தொடருக்கு உண்டு. 'தி உக்ரைன்' என்று முன்பு பரவலாக எழுதினார்கள். 1991இல் தனி நாடானபின், வேறொரு நாட்டின் ஒரு பகுதி என்ற தொனி அதில் இருப்பதாக உக்ரைனியர் மறுத்ததால் அது வழக்கொழிந்தது, அவர்கள் மறுத்ததும் நியாயமே. காம்பியாவோ தன் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே 'தி'யை வைத்திருக்கிறது.