எப்போதும் வெளித்தோற்றத்தைப் பற்றியே கவலைப்படுகிறேன். ‘குணம்தான் முக்கியம்’ என்பது உண்மையில் உதவுமா?

எனக்கு உதவவில்லை. ‘குணம்தான் முக்கியம், முகம் அல்ல’ என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்து முடித்த பிறகுதான் சொன்னார்கள். அந்த வாக்கியத்தின்மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை இல்லை.

19 வயதில் என் உதட்டோரம் வெண்புள்ளி வந்தது. தொற்றாது, தோலுக்கு நிறம் தரும் செல்கள் அந்த இடத்தில் இல்லாமல் போய்விடுகின்றன, அவ்வளவுதான். தெரிந்தும் என்ன பயன்? யார் பேசினாலும் அவர் பார்வை என் கண்ணிலிருந்து உதட்டுக்கு இறங்குகிறதா என்று காவல் காப்பதே என் வேலையாக இருந்தது.

1980இல் ராபர்ட் கிளெக், ஸ்ட்ரென்டா என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். கலந்துகொண்டவர்களின் முகத்தில் ஒப்பனையால் தழும்பு போட்டுக் கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, அது காய்ந்து வெடிக்காமலிருக்க ஏதோ பூசுவதாகச் சொல்லி, அவர்களுக்குத் தெரியாமல் தழும்பையே துடைத்துவிட்டார்கள். இல்லாத தழும்போடு இன்னொருவரிடம் பேசிவிட்டு வந்தவர்கள், அந்தத் தழும்பு எதிரிலிருந்தவரின் நடத்தையைப் பெரிதும் பாதித்ததாகச் சொன்னார்கள். படித்தபோது கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் இருந்தது.

இதை வைத்து ‘எல்லாம் உன் கற்பனை’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். என் புள்ளி உண்மையானது. உற்றுப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். நான் மனத்தில் கணக்கு வைத்திருந்த பார்வைகளில் எத்தனை அப்படிப்பட்டவை என்றுதான் இப்போது சொல்லத் தெரியவில்லை.

எனக்கு உறைத்தது வேறொரு நாளில். நான்கு நாள் விடுப்பு முடிந்து வந்த சக ஊழியர் ஒருவரிடம், “ஊர் சுற்றிவிட்டு வந்தீர்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்று உங்களிடம் சொல்லிவிட்டுத்தானே போனேன்” என்றார். சொல்லியிருக்கிறார். என் முகத்துக்கு நேராக நின்று சொல்லியிருக்கிறார். நான் அப்போது அவர் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருக்கும் மதிப்பு என்று ஒன்று உண்டென்றால், அந்த நிமிடத்தில் அது என்னிடம் இல்லை. அதற்கும் புள்ளிக்கும் சம்பந்தமே இல்லை.

அதன்பின் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒருவரிடம் பேசி முடித்ததும், அவர் சொன்னதில் ஒரு விவரமாவது நினைவிருக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். முதல் சில மாதங்கள் பெரும்பாலும் இருக்காது. இப்போது பரவாயில்லை. புகைப்படம் எடுக்கும்போது மட்டும் இன்னும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்கிறேன். அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?