அளந்தே அடைத்து வரும் நீர்ப் பரிசோதனைக் கிட்டை நம்பலாமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் லாரி நீரையும் கலந்து பயன்படுத்துகிறோம். மாதந்தோறும் ஆய்வகத்துக்கு அனுப்புவதற்குப் பதிலாக, ரசாயனம் அளந்தே அடைக்கப்பட்டு வரும் கிட்டை வாங்கி நாங்களே சோதித்துக்கொள்ளலாமா?

சிலவற்றைத் தாராளமாகச் சோதித்துக்கொள்ளலாம். சிலவற்றை எவ்வளவு நல்ல கிட் கிடைத்தாலும் ஆய்வகத்துக்கே அனுப்ப வேண்டும். ஒரு தொழிற்சாலையின் நீர்ச் சுத்திகரிப்புப் பிரிவில் வேதியியலராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதைச் சொல்ல முயல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நீரின் கடினத்தன்மையைப் பார்ப்பதற்கு முன்னால் அரை நாள் ஆயத்த வேலை இருந்தது. கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிணைத்துக்கொள்ளும் இடிடிஏ உப்பை 3.723 கிராம் துல்லியமாக நிறுத்து, காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கி, அதன் வலிமையை ஒரு கால்சியம் கரைசலைக் கொண்டு சரிபார்த்து, பி.எச். அளவை 10-இல் நிறுத்துவதற்கான அமோனியா தாங்கல் கரைசலைத் தனியே தயாரித்த பிறகுதான் பியூரெட் என்னும் அளவுகோடிட்ட சொட்டுக் குழாயைக் கையில் எடுக்க முடியும். நிறங்காட்டியான எரியோக்ரோம் பிளாக் டி-யைக் கரைசலாக வைத்தால் விரைவில் கெட்டுவிடும் என்பதால், அதைச் சாதாரண உப்புடன் சேர்த்து அரைத்துப் பொடியாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகை போடுவோம். யோசித்துப் பார்த்தால், நாங்கள் கையாலேயே செய்துகொண்ட முதல் கிட் அதுதான். 50 மில்லி நீர், ஒயின் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாற 14 மில்லி கரைசலை எடுத்துக்கொண்டால் கடினத்தன்மை லிட்டருக்கு 280 மில்லிகிராம். கணக்கு எளிது, கரைசல் சரியாக இருந்ததா என்பதே நாள்தோறும் எழும் ஐயம்.

கிட் தீர்த்துவைப்பது இந்த ஐயத்தைத்தான். நிறுப்பதிலும் கரைப்பதிலும் நேரும் பிழையை நம் கையிலிருந்து எடுத்து, அதைத் தயாரிக்கும் இடத்தின் பொறுப்பாக்கிவிடுகிறது. 10 மில்லி நீருக்குப் போதுமான பொடியை அடைத்த பொட்டலமாகவும், மாத்திரையாகவும், ஒரு சொட்டுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்ட சொட்டுப் புட்டியாகவும் இது கிடைக்கிறது. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வெற்றிடக் கண்ணாடிக் குப்பி. ரசாயனத்தை உள்ளே வைத்து, காற்றை வெளியேற்றி மூடிய அந்தக் குப்பியின் முனையை நீருக்கு அடியில் வைத்து ஒடித்தால், தேவையான அளவு நீரை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். தொழிற்சாலைக் கொதிகலனுக்குச் செல்லும் நீரில், இரும்பை அரிக்காமலிருக்க, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் அளவுக்குத்தான் இருக்க வேண்டும்; காற்றோடு தொடர்பில் இருக்கும் 30 டிகிரி நீரிலோ அது லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம். அதாவது ஆயிரம் மடங்கு வேறுபாடு. இந்த மாதிரியைப் புட்டியில் பிடித்து ஆய்வகத்துக்கு நடந்து செல்வதற்குள் ஒரு சிறு கசிவு போதும், எண் பொய்யாகிவிடும். கரைந்த ஆக்சிஜனை அளக்க 1888-இல் விங்க்ளர் தந்த ஆய்வக முறையை நான் இன்றும் மதிக்கிறேன் என்றாலும், இந்த ஓரிடத்தில் குப்பியே ஆய்வகத்தை விஞ்சுகிறது என்பேன்.

ஆனால் ரசாயனம் அளந்து வருகிறதே தவிர நீர் அளந்து வருவதில்லை. 10 மில்லிக் கோட்டைத் தாண்டி 12 மில்லி ஊற்றினாலும், முந்தைய சோதனையின் மிச்சம் ஒட்டிய குழாயைக் கழுவாமல் பயன்படுத்தினாலும், மே மாத வெயிலில் மோட்டார் அறையில் வெந்துகொண்டிருந்த பொட்டலத்தை எடுத்தாலும், கிட் ஒன்றும் எச்சரிக்காது. நேரமும் அப்படியே. வேறெதனுடனும் சேராமல் நீரில் எஞ்சி நிற்கும் கட்டற்ற குளோரினைப் பார்க்க, குளோரின் பட்டால் சிவக்கும் டிபிடி என்ற ரசாயனத்தைக் கொண்டு செய்யும் சோதனையில் ஒரு நிமிடத்துக்குள் நிறத்தைப் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் குளோரின் அமோனியாவுடன் சேர்ந்து நீரில் உண்டான குளோரமைனும் மெல்லச் சிவப்பை ஏற்றி, இல்லாத குளோரினை இருப்பதாகக் காட்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு பிழையை நான் குடியிருக்கும் வளாகத்திலேயே பார்த்தேன். மேல்நிலைத் தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றியிருந்தார்கள். பராமரிப்புப் பணியாளர் குழாய் நீரைப் பிடித்து, டிபிடி பொட்டலத்தைக் கொட்டிக் குலுக்கினார். நீர் நிறமின்றி நின்றது. அவர் குறிப்பேட்டில் 'குளோரின் இல்லை' என்று எழுதிவிட்டு, மேலும் ஒரு பங்கு பவுடரைத் தொட்டியில் சேர்த்தார். மாலையில் முகம் கழுவியவர்களுக்குக் கண் எரிந்தது. நான் அதே நீரில் ஒரு மில்லி எடுத்து, ஒன்பது மில்லி காய்ச்சி வடித்த நீரோடு கலந்து சோதித்தபோது, வண்ண அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிய அடர் சிவப்பு வந்தது. குளோரின் அளவுக்கு மீறி இருந்தால், அது டிபிடி-யின் நிறத்தை உண்டாக்கிய வேகத்திலேயே வெளுத்தும் விடும். அந்தப் பணியாளர் கையேட்டில் இருந்த எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தார். குளோரின் வாடை மூக்குக்குத் தெரிந்தும் குப்பியில் நிறம் வரவில்லையென்றால் நீர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

குளோரின் கிட் வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். மஞ்சள் நிறம் காட்டும் மலிவான கிட்கள் பெரும்பாலும் ஆர்த்தோடொலிடின் என்னும் பழைய ரசாயனத்தைக் கொண்டவை. அது புற்றுநோய் ஐயத்துக்கு உரியது. கட்டற்ற குளோரினையும், குளோரமைன் போன்ற கட்டுண்ட குளோரினையும் நம்பகமாகப் பிரித்துக் காட்டவும் செய்யாது. பிரித்தானியாவின் பாலின் 1957-இல் வெளியிட்ட டிபிடி முறைக்கான கிட்டே, விலை சற்று அதிகமானாலும், போதுமானது.

உங்கள் வளாகத்துக்கு நான் சொல்வது இதுதான். குளோரினை ஒவ்வொரு லாரி நீர் இறங்கும்போதும், வாரம் ஒருமுறை தொட்டியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள குழாயிலும் நீங்களே பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 (2012) குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. குளோரின் புட்டியில் பயணம் செய்யும்போதே குறைந்துவிடுவதால், இதற்கு ஆய்வக அறிக்கையைவிட உங்கள் குப்பியே மெய்யானது. கடினத்தன்மைக்குச் சொட்டுப் புட்டி போதும். 200 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை அனுமதி என்ற அகன்ற இடைவெளியில் ஒரு சொட்டுப் பிழை முடிவை மாற்றாது.

புளோரைடின் கதை வேறு. அங்கே ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், உச்ச வரம்பு 1.5, வண்ண அட்டையில் அடுத்தடுத்த இரண்டு கட்டங்களைக் கண்ணால் பிரிப்பதற்குள்ளேயே பாதுகாப்பும் ஆபத்தும் இடம் மாறிவிடும். கிட் 1-ஐ ஒட்டிக் காட்டினாலே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஈயம், ஆர்செனிக், பூச்சிக்கொல்லி ஆகியவற்றை வீட்டில் பார்க்கவே முயல வேண்டாம். கிருமிகளுக்கு, நீரை ஊற்றி வைத்தால் கறுத்துப்போகும் ஹைட்ரஜன் சல்பைடுக் குப்பி நல்ல காவல்காரன். 1982-இல் இந்தியாவில் உருவான எளிய முறை அது. கறுத்தால் அந்த நீரைக் குடிக்காதீர்கள்; கறுக்கவில்லை என்பதை மட்டும் வைத்துத் தூய நீர் என்று சான்றளிக்கவும் வேண்டாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி அளித்துக் களக் கிட்டைக் கொடுத்திருப்பதும் இந்த அடிப்படையில்தான்: கிட் சல்லடை, ஐயத்துக்குரிய மாதிரி ஆய்வகத்துக்குப் போகும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே புட்டி நீரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கிட்டிலும் மறு பாதியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் போன்ற ஓரிடத்திலும் சோதித்து, இரண்டு எண்களையும் அருகருகே எழுதி வையுங்கள். நைட்ரேட் கிட் வாங்குவதானால் அதில் காட்மியம் உள்ளதா என்று உறையைப் பாருங்கள். இருந்தால், சோதித்து முடித்த நீரைக் கிணற்றடியில் கொட்டாமல் தனிப் புட்டியில் சேர்த்து வைத்து, ஆய்வகத்துக்கு மாதிரி கொண்டுபோகும்போது அவர்களிடம் கேட்டு ஒப்படையுங்கள்.