வளவுக் கராஜ்: மாமரத்துக்குக் கீழே ஒரு மொறிஸ் பிக்கப்

போன இதழில் என்னுடைய மொறிஸ் மைனர் பிக்கப்பைப் பற்றி நாலு வரி எழுதினேன், அவ்வளவுதான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) கேள்வி அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த இதழ் முழுக்க உங்களுக்குத்தான்.

கேள்வி: அண்ணை, மாமாவின் மொறிஸ் மைனர் பிக்கப் வவுனியாவில் அவருடைய வளவில் நின்றபடியால் சண்டைக்குத் தப்பியது. போன கிழமை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து மாமரத்துக்குக் கீழே விட்டிருக்கிறேன். மாமா எனக்கே தந்துவிட்டார். தெரிந்த பெயின்ற்காரர் ஒருவர் எல்லாவற்றையும் சுரண்டி முதலில் பொடியை (வெளிக்கூட்டை) முடிப்போம் என்கிறார். சரிதானா? (முழங்காவில் வாசகர்)

பதில்: தம்பி, பெயின்ற்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அவர் வர வேண்டியது கடைசியில். முதல் வேலை கடதாசி வேலை. பதிவுப் புத்தகத்தை எடுத்து, சசி (அடிச்சட்டம்) இலக்கமும் என்ஜின் இலக்கமும் அதில் உள்ளபடிதான் இருக்கிறதா என்று பாருங்கள். இடப்பெயர்வில் புத்தகத்தைத் தொலைத்தவர்களும் புத்தகம் மட்டும் மிஞ்சி வாகனத்தைத் தொலைத்தவர்களும் எங்கள் பக்கம் ஒரே ஒழுங்கையில் இருக்கிறார்கள். அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குச் சாமான் விடாமல் வைத்த தடைக் காலத்தில் ஒரு என்ஜின் எத்தனை வாகனத்தில் ஏறி இறங்கியது என்று அந்த என்ஜினைத்தான் கேட்க வேண்டும். இலக்கம் பொருந்தாவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தோடு அதைத் தீர்த்துக்கொண்டு, பெயரையும் மாற்றிக்கொண்டு, அப்புறம் ஸ்பானரைத் தூக்குங்கள்.

அடுத்தது, ஒரு பழைய பாயை விரித்து அடியில் படுங்கள். மொறிஸ் மைனர் காரில் தனிச் சசி கிடையாது, பொடியும் தரையும் சேர்ந்ததுதான் எல்லாப் பாரத்தையும் தாங்கும். 1953இல் வந்த வானும் பிக்கப்பும் அப்படியல்ல. முன்பாதி அச்சொட்டாகக் கார், அதே கதவு, அதே என்ஜின், அதே முன்சில்லு அமைப்பு, ஆனால் கீழே ஏணி மாதிரி ஒரு சசி ஓடுகிறது. இது உங்களுக்கு அதிர்ஷ்டம். காரில் தரை உக்கினால் வாகனமே தொய்ந்துவிடும், பிக்கப்பில் கபினையும் பெட்டியையும் கழற்றி நாலைந்து பெடியளைப் பிடித்துத் தூக்கி வைத்துவிட்டுச் சசியைத் தனியே பார்க்கலாம். பழைய ஸ்குறூ டிரைவர் ஒன்றால் நெடுகக் குத்திக்கொண்டு போங்கள், முக்கியமாகப் பின் வில் மாட்டியிருக்கும் இடங்களில். டங் என்று கேட்டால் நல்லது. பொதுக்கென்று உள்ளே போனால் உக்கினதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு ஒட்டுங்கள். உக்கினதுக்கு மேலேயே தகடு வைத்து வெல்டிங் பண்ணுகிறவரை வளவுக்குள் விடாதீர்கள்.

பிறகு முன்சில்லு. இதுதான் எனக்குப் பெரிய விசயம். சில்லைத் தாங்கும் காலின் மேலும் கீழும் திருகுப் புரி இருக்கும், அதில் ட்றனியன் என்ற துண்டு ஏறி நிற்கும், ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது கால் அந்தப் புரிக்குள்தான் சுற்றுகிறது. கிறீஸ் காய்ந்தால் புரி தேயும், தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். சில்லு மடிந்து வாகனம் மாடு படுப்பதுபோல முன்னங்கால் மடித்துப் படுத்துவிடும். எனக்கு மாங்குளம் சந்தியில் இது நடந்தது. மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தபடியால்தான் இந்தப் பகுதியை எழுத உயிரோடு இருக்கிறேன். சில்லு நிலத்தை விட்டுக் கிளம்பும்படி ஜக்கில் தூக்கி, கீழே அலவாங்கை விட்டு நெம்பிப் பாருங்கள். கால் புரிக்குள் மேலும் கீழும் ஆடினால் மாற்றத்தான் வேண்டும். கிறீஸ் அடிக்கும்போதும் இப்படித் தூக்கி வைத்தே அடியுங்கள், பாரம் இறங்கி நின்றால் கிறீஸ் போக வேண்டிய பக்கத்துக்குப் போகாது. ஒரு எச்சரிக்கை: முன்பக்கத்தில் சுருள் வில்லும் இல்லை, தகட்டு வில்லும் இல்லை, நீளமான ஒரு முறுக்குக் கம்பிதான். வாகனம் நிற்கும்போது அது முறுகியபடிதான் நிற்கும். கீழ்க் கைக்கு ஜக் கொடுக்காமல் நட்டைக் கழற்றினீர்கள் என்றால் அது அடிக்கிற அடியில் கை முறியும்.

பிறேக் நாலு சில்லுக்கும் டிறம்தான். பிறேக் ஒயிலைத் தள்ளிக் கொடுக்கும் மாஸ்ரர் சிலிண்டர் உங்கள் காலடித் தரைக்குக் கீழே இருப்பதால் அது இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். பிறேக் ஒயில் கிடைக்காத நாளில் யாரோ என்ஜின் ஒயில் ஊற்றியிருந்தால் உள்ளே றப்பர் எல்லாம் ஊதிப்போயிருக்கும், கழுவிப் பயனில்லை, அத்தனையும் புதிது போடுங்கள்.

சரி, இதெல்லாம் முடிந்ததும் பெயின்ற்காரரைக் கூப்பிடலாம்.

கேள்வி: ஐயா, மொறிஸ் என்று சொல்லி வாங்கினேன். பெட்டிக்குள் கிடந்த பழைய பெயர்ப் பட்டையைத் தேய்த்துப் பார்த்தால் ஒஸ்ரின் என்று இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (விசுவமடு வாசகர்)

பதில்: இல்லை. இரண்டும் ஒரே கம்பெனிக் குடும்பமாகி நெடுநாள். 1968இலிருந்து இதே வானையும் பிக்கப்பையும் ஒஸ்ரின் பட்டையோடும் விற்றார்கள், 1971இல் உற்பத்தி நின்றது. அப்படியென்றால் உங்களிடம் இருப்பது கடைசிக் காலத்து வாகனமாக இருக்கலாம், 1098 சிசி என்ஜினோடு. சந்தோசப்படுங்கள்.

கேள்வி: அண்ணை, கைபேசி சார்ஜ் பண்ண ஒரு சொக்கெற் வாங்கிப் பூட்டினேன். சிவப்பு வயரைப் பிளஸ்ஸுக்கும் கறுப்பைப் பொடிக்கும்தான் கொடுத்தேன். புகைந்துவிட்டது. (நெடுங்கேணி வாசகர்)

பதில்: புகைந்தது சொக்கெற் மட்டும் என்றால் தப்பினீர்கள். அந்தக் காலத்து இங்கிலாந்து வாகனங்களில் பற்றறியின் பிளஸ்தான் பொடிக்குப் போகும், மைனஸில்தான் கரண்ட் ஓடும். நீங்கள் பிளஸ் என்று நினைத்துக் கொடுத்தது மைனஸாக இருந்திருக்கும், இரண்டு வயரும் தலைகீழாகப் போயிருக்கும். பற்றறியைத் திருப்பிப் போட்டு இக்காலத்து முறைக்கு மாற்றலாம், கஷ்டமில்லை. ஆனால் பற்றறி வயரை மட்டும் மாற்றினால் போதாது, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும், டைனமோவுக்கும் புதுத் திசையைப் பழக்க வேண்டும். அதற்கு டைனமோவில் உள்ள இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, பற்றறியின் பொடிக்குப் போகாத முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து டைனமோவின் சின்ன முனையில், எஃப் என்று போட்டிருக்கும், இரண்டு தரம் சட்டென்று தொட்டு எடுங்கள். சின்னப் பொறி பறக்கும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: மண்ணெண்ணெயில் ஓடிய என்ஜின் ஐயா. இப்போது பெற்றோல்தான், ஆனால் ஏற்றத்தில் இழுவை இல்லை. காபரேற்றருக்குப் பக்கத்தில் சின்னப் பித்தளைக் குழாய்த் திறப்பு ஒன்றும் இருக்கிறது, அதைக் கழற்றி எறியலாமா? (புதுக்குடியிருப்பு வாசகர்)

பதில்: எறிய முதல் ஒருக்கால் கையில் வைத்துப் பாருங்கள். 1990இல் தடை வந்தபின் பெற்றோல் எங்களுக்குப் போத்தல் கணக்கில், பொன் விலையில். சிறிஞ்சில் இழுத்த கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடு ஏறியதும் அந்தத் திறப்பைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. நிறுத்தினால் திரும்பவும் பெற்றோல் வேண்டுமே என்று, கடை வாசலில் என்ஜின் ஓட ஓடத்தான் சாமான் வாங்கினோம். பின்னால் வருகிறவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவார்.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்து பெற்றோல் வந்ததும் கனபேர் குழாயை மட்டும் மாற்றிவிட்டார்கள், என்ஜினுக்குள் செய்து வைத்ததை மறந்துவிட்டார்கள். உங்கள் வருத்தம் அதுதான் என்று நினைக்கிறேன். மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது, தட்டும். அதனால் அமுக்கத்தைக் குறைக்க என்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்குக் கீழே காஸ்கெற் (இடையில் வைக்கும் தகடு) இரண்டு போட்டிருந்த என்ஜினைக் கழற்றியிருக்கிறேன், பிளக் பொறி அடிக்கும் ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி வைத்ததையும், காபரேற்றர் ஊசியை அரத்தாளால் தேய்த்து மெலிய வைத்ததையும் கண்டிருக்கிறேன். செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், இல்லாததை வைத்து ஓட்டிக் காட்டினார்கள், நானும் அதில் ஒருவன். ஆனால் இப்போது அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். ஹெட்டைக் கழற்றுங்கள், ஒரு காஸ்கெற் போடுங்கள், பிஸ்டன் தலையில் உள்ள கரியைச் சுரண்டுங்கள், புது ஊசி வாங்குங்கள், ரைமிங்கை முறைப்படி வையுங்கள். அடியில் ஒயில் நிற்கும் சம்பையும் இறக்கிப் பாருங்கள். எரியாத மண்ணெண்ணெய் றிங் வழியாக இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும், அப்படி ஓடிய என்ஜினில் பெயறிங் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் மூடுவது மடைத்தனம்.

ஹெட் கையில் இருக்கும்போதே இன்னொன்று. இப்போதைய பெற்றோலில் ஈயம் இல்லை. இந்த ஹெட் வார்ப்பிரும்பு, வால்வு உட்காரும் இடம் அதிலேயே வெட்டியது. முந்தி பெற்றோலில் இருந்த ஈயம் அந்த இடத்துக்கு ஒரு மெத்தை போல. அது இல்லாமல் பாரத்தோடு வேகமாக ஓடினால் வால்வு மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். லேத் பட்டறையில் கொடுத்து, புகை போகிற வால்வு நாலுக்கும் கடின வளையம் போடுவியுங்கள். போடாவிட்டால் வால்வு இடைவெளியை, குளிர்ந்த என்ஜினில் 0.012 அங்குலம், அடிக்கடி பாருங்கள். வைத்த இடைவெளி தானாகச் சுருங்கிக்கொண்டே வந்தால் வால்வு இறங்குகிறது என்று அர்த்தம்.

அந்தத் திறப்பைப் பற்றிக் கேட்டீர்கள். குழாயிலிருந்து கழற்றத்தான் வேண்டும், பெற்றோல் கசிகிற இடம் ஒன்று குறையும். எறிய வேண்டாம். என்னுடையது சாவிக்கொத்தில் தொங்குகிறது.

கேள்வி: என்ஜின் பிடித்துப்போய்விட்டது. டிராக்டரில் கட்டி இழுத்துப் பார்க்கலாமா? (ஒட்டுசுட்டான் வாசகர்)

பதில்: நான் ஒருமுறை இழுத்தேன். பிஸ்டனைத் தள்ளும் கொன்றொட் ஒன்று வளைந்தது, அதோடு அந்த யோசனை போய்விட்டது. பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் டீசலும் ஒயிலும் பாதிப் பாதியாகக் கொஞ்சம் விட்டு ஒரு கிழமை சும்மா இருங்கள். பிறகு முன்னால் உள்ள துளையில் கைப்பிடியைப் போட்டு, சுற்ற வேண்டாம், அங்கும் இங்கும் ஆட்டிப் பாருங்கள். அசையாவிட்டால் இன்னொரு கிழமை. அசைந்தால் உடனே ஸ்ரார்ட் பண்ணாமல் ஒயிலை மாற்றுங்கள்.

கேள்வி: புது றேடியேற்றர் போட்டும் கொதிக்கிறது. (கனகராயன்குளம் வாசகர்)

பதில்: வீட்டில் கேத்தலுக்குள் கையை விட்டுப் பாருங்கள், அந்த வெள்ளைச் சுண்ணாம்புதான் என்ஜினுக்குள்ளும் இருக்கிறது. புளொக்கின் பக்கத்தில் உள்ள வட்டத் தகட்டு மூடிகளைத் தட்டி எடுத்து, கம்பியால் உள்ளே கிளறிக் கழுவுங்கள், கடைசிச் சிலிண்டரைச் சுற்றித்தான் சேறு கட்டியிருக்கும். இனிக் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மாரியில் கூரைத் தண்ணீர் இரண்டு கான் பிடித்து வைத்தால் வருடம் முழுக்கப் போதும்.

கேள்வி: பெட்டியின் தரைக்கு முதிரைப் பலகை போட ஆசை. (மல்லாவி வாசகர்)

பதில்: ஆசை நல்லது, பாரம் கெட்டது. இந்தப் பிக்கப் தொடக்கத்தில் சுமந்தது 5 அந்தர் (ஒரு அந்தர் ஏறக்குறைய 50 கிலோ), பிறகு 6, கடைசியில் 8 அந்தர் வகையும் வந்தது. 5 அந்தர் என்றால் நாலு நெல்மூட்டையும் இல்லை. அதில் பாதியைப் பலகையே தின்றால் ஏற்ற என்ன இருக்கிறது? முதிரையைக் கொண்டுபோக அனுமதிப் பத்திரமும் வேண்டும். வளவில் விழுந்த வேம்பை அரிந்து, நிழலில் நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள், கறையானும் கிட்ட வராது.

கேள்வி: அண்ணை, நான் வாசகி இல்லை, வாசகரின் மனைவி. இரண்டு வருடமாகப் பிக்கப் மாமரத்துக்குக் கீழே, அதன் சாமான் என் குசினியில். பால்மாப் பேணி ஒன்றில் கறள் பிடித்த துண்டுகள் கிடக்கிறது, கேட்டால் முக்கியம் என்கிறார். எறியட்டுமா? (பெயரும் ஊரும் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, கோபம் நியாயம். ஒரே நாளில் முழு வாகனத்தையும் கழற்றுவது இந்த வேலையில் ஆண்கள் செய்கிற முதல் பிழை. பிறேக் என்றால் பிறேக்கை மட்டும் கழற்றி, திருத்தி, பூட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். சாமானைக் குசினியிலிருந்து கொட்டிலுக்கு மாற்றச் சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் பேணியை எறிய முதல் உள்ளே பாருங்கள். விரல் மொத்தத்தில், உள்ளே புரி வெட்டிய இரும்புத் துண்டுகள் இருந்தால் அது ட்றனியன். இடதுபக்கத்துக்கும் வலதுபக்கத்துக்கும் புரி எதிரெதிராக இருக்கும், ஒன்றை மற்றதுக்குப் போட ஏலாது. அவற்றை மட்டும் எடுத்து, ஒன்றில் இடது, மற்றதில் வலது என்று எழுதிக் கட்டிவிடுங்கள். அவர் எழுதியிருக்க மாட்டார்.